இடது முட்டி, வெளிப்பக்கம்

சார்... சார், உங்களைத்தான். நில்லுங்க. இப்பிடி வரக்கூடாது சார், திரும்பி அந்தப் பக்கமா போகணும். புதுசா குடி வந்திருக்கீங்களா? பாத்தாலே தெரியுது. எந்த வீடு? பல் டாக்டர் வீட்டு மாடியா? சரி சரி. தெரியாம வர்றவங்க மேல எனக்குக் கோவம் கிடையாது. தெரிஞ்சே வர்றவங்கதான் இங்க ஜாஸ்தி. உக்காருங்க இப்பிடி. ரெண்டு நிமிஷம் உக்காந்தா ஒண்ணும் குடி முழுகிடாது.

என்ன முழிக்கிறீங்க? எல்லாரும் இப்பிடித்தானே போறாங்க, உங்களை மட்டும் ஏன் நிறுத்தறேன்னு பாக்கறீங்களா? அதைச் சொல்லத்தான் உக்காரவெச்சேன். இவங்க இருபது பேரும் தப்பாப் போறாங்க. நான் ஒருத்தன் சரியா உக்காந்திருக்கேன்.

அதோ நடுவுல பாருங்க, வேப்ப மரத்தடியில. பிள்ளையார். அவரைச் சுத்தித்தான் வட்டமா பாதை. அப்ப எப்பிடி நடக்கணும்? வலமா நடக்கணும். பிள்ளையார் நம்ம வலது கைப் பக்கம் இருக்கணும். இதைப் போயி ஒரு ஆளு சொல்லிக் குடுக்கணுமா? இடமா சுத்தறது எந்தக் காரியத்துக்குன்னு உங்களுக்கே தெரியும், விளக்கு வெக்கிற நேரத்துல அதை என் வாயால சொல்லவேண்டாம்.

நான் தில்லைநாயகம். பாரி நகர் நடைப்பயிற்சியாளர் சங்கத்துக்கு ஒம்போது வருஷம் செயலாளர். அதுக்கு முன்னால ரோட்டு வேலையில ஓவர்சியர், முப்பத்திரண்டு வருஷம். இந்தப் பாதை இருக்கே, காண்ட்ராக்டர் ஏனோதானோன்னு போட்டுட்டு ஓடப் பாத்தான். நான் விடல. குடையைப் புடிச்சுக்கிட்டு நின்னு போட வெச்சேன். மழை பெஞ்சா தண்ணி உள்ள போயி பிள்ளையார் காலடியில தேங்குமே, அதனால வெளிப்பக்கமா வாட்டம் வெக்கச் சொன்னேன். அடிக்கு அரை இஞ்சு சரிவு. ஆறடி அகலத்துக்கு மூணு இஞ்சு. ரசமட்டம் வெச்சு நானே பாத்தேன். இத்தனை மழைக்காலம் போச்சு, ஒரு சொட்டு தேங்கியிருக்கான்னு கேளுங்க. இந்தப் பூங்காவுக்கு நான் செஞ்சது ரெண்டே ரெண்டு. ஒண்ணு அந்த வாட்டம், இன்னொண்ணு வலமாத்தான் சுத்தணும்ங்கற சட்டம். ரெண்டுல எதுலயாவது எவனாவது ஒரு குத்தம் சொல்லட்டும் பாக்கலாம்.

சொன்னாங்க சார். அதான் கொடுமை.

முதல்ல எங்க வீட்லதான் ஆரம்பிச்சா. பேரு அம்சவேணி. ஏழு வருஷம் என்கூடத்தான் நடந்தா. நான் முன்னால, அவ பத்தடி பின்னால. திடீர்னு ஒரு நாள் முட்டி வலின்னு நின்னுட்டா. எங்க வலிக்குதுன்னேன். இடது முட்டி, வெளிப்பக்கமாம். நடக்க ஆரம்பிச்சா ஒண்ணும் தெரியலையாம், நாலு சுத்து போனதும் ஊசியால குத்தற மாதிரி ஆரம்பிக்குதாம், மாடிப்படி இறங்கினா உயிரே போகுதாம். 'அதெப்பிடிடி கரெக்டா நாலு சுத்துக்கு அப்பறம் வலிக்குது? உன் முட்டிக்கு எண்ணத் தெரியுமா?'ன்னு கேட்டேன். கேட்டுட்டு நல்லாச் சிரிச்சேன். அவ சிரிக்கல. அவளுக்குக் கொஞ்சம் நகைச்சுவை கம்மி.

டிவி தொடர் பாக்கறதுக்கு ஒரு சாக்குன்னு விட்டுட்டேன். அதுக்கப்பறம் மாடிக்கே போகமாட்டேன்னுட்டா. துணியெல்லாம் கீழ சந்துல காயும். சந்துல ஏது வெயில்? ஒரு வருஷத்துக்கு மேல என் வேட்டி சட்டையில எல்லாம் ஈர வாடை. அப்பவும் நான் ஒரு வார்த்தை குறை சொன்னவன் இல்ல. சொன்னேன், ஒண்ணு ரெண்டு தடவை சொல்லியிருப்பேன். மனுஷன்னா அது கூடச் சொல்லமாட்டானா?

அவ நின்னதும் தொத்துவியாதி மாதிரி பரவுச்சு பாருங்க. அரிசி மண்டி சோமு நின்னாரு. எங்க வலி? இடது முட்டி, வெளிப்பக்கம். சவரிமுத்து சார் நின்னாரு. இடது முட்டி, வெளிப்பக்கம். அப்பறம் கலியமூர்த்தி. சங்கத்துக்கு அவர்தான் துணைச்செயலாளர், எனக்கு அடுத்த இடம். அவருக்கும் அதே முட்டி, அதே பக்கம். ஏன் சார், ஒருத்தனுக்காவது வலது முட்டி வலிக்கக்கூடாதா? உள்பக்கம் வலிக்கக்கூடாதா? ஒருத்தனைப் பாத்து ஒருத்தன் சொல்றான்னு அதுலயே தெரியலையா? ஒருத்தன் கொட்டாவி விட்டா பக்கத்துல இருக்கறவன் எல்லாம் விடுவான்ல, அந்தக் கதைதான்.

கலியமூர்த்தி ஒரு நாள் இந்த பெஞ்சுலயே உக்காந்துகிட்டு, 'ஓவர்சியர், பாதை ஒரு பக்கமா சாஞ்சிருக்கோ?'ன்னாரு. எனக்கு வந்துச்சே கோவம்! ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நடக்க உடம்பு வணங்கலன்னா வீட்டுல இருங்கய்யா, என் பாதையை ஏன் சொல்றீங்கன்னு கேட்டேன். அப்பறம் பதினஞ்சு நாள் அவர் என்கூடப் பேசல. எனக்கென்ன, நிம்மதி.

இதுக்கு நடுவுல இன்னொரு தலைவலி. சாயங்காலம் யாரோ ஒரு பொம்பளை இடமா சுத்தறாங்கன்னு தகவல். காலையில நான் இருப்பேன், ஒரு ஈ காக்கா எதிர்த்து வராது. சாயங்காலம் அஞ்சரையில இருந்து ஆறரை வரைக்கும் நான் வீட்டுல டிவி முன்னாடி செய்தி, விவாதம்னு உக்காந்திருப்பேன், வர முடியாது. அந்த நேரம் பாத்து எவளோ வர்றா. இங்க கூட்டிப் பெருக்கற பிச்சையம்மாவைக் கூப்பிட்டு யாருன்னு கேட்டேன். 'தெரியலைங்கய்யா'ன்னா. ஏழெட்டு தடவை கேட்டேன், ஏழெட்டு தடவையும் தெரியலைங்கய்யா. தினமும் வர்றவளை தினமும் இங்க இருக்கறவளுக்குத் தெரியலையாம். நான் உடனே சிவப்புப் பெயிண்ட்ல ஒரு போர்டு எழுதி வாசல்ல மாட்டினேன்: 'எதிர்த்திசையில் நடப்பவர்களின் பெயர் இப்பலகையில் வெளியிடப்படும்.' கீழ பேரு எழுத இடமும் விட்டிருந்தேன். பயம் வேணும் சார்.

இப்ப என் கதைக்கு வர்றேன். வருஷா வருஷம் பிள்ளையார் சதுர்த்தி அன்னிக்கி நான் நூத்தியெட்டு சுத்து. விடியக்காலம் ஆரம்பிச்சா பத்து மணி ஆகும் முடிக்க. மத்தவங்க பதினொண்ணு சுத்திட்டுக் கொழுக்கட்டைக்குப் போயிடுவாங்க. இந்த வருஷமும் போனேன். எண்பத்தி மூணாவது சுத்துல இடது முட்டியில ஒரு... வலின்னு சொல்லமாட்டேன். ஒரு பிடிப்பு. எந்தப் பக்கம்னு கேக்காதீங்க. எந்தப் பக்கமா இருந்தா என்ன? நூத்தியெட்டையும் முடிச்சேன். கடைசி பத்து சுத்து எப்பிடிப் போனேன்னு பிள்ளையாருக்குத்தான் தெரியும்.

தைலம் தடவினேன். முட்டிக்கு உறை வாங்கி மாட்டினேன். ஒரு மாசம் பாத்தேன். சமதரையில ஒண்ணும் தெரியாது, படி இறங்கும்போதுதான் சுரீர்னு புடிக்கும். மாடித் தண்ணித்தொட்டியைப் பாக்கப் போனவன் ஒரு நாள் உக்காந்து உக்காந்து, ஒவ்வொரு படியா நகர்ந்து இறங்கினேன். அம்சவேணி கீழ நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. கை குடுக்கல. நானும் கேக்கல. 'என்ன அப்பிடிப் பாக்கறே, படியில தூசி எவ்வளவு இருக்குன்னு பாக்கறேன்'னேன். அவ உள்ள போயிட்டா.

கலியமூர்த்திதான் அவரோட ஸ்கூட்டர்ல உக்காரவெச்சுக் கூட்டிட்டுப் போனார். மார்க்கெட் பின்னால பிசியோதெரபின்னு ஒரு இடம். டாக்டர்னு நெனச்சுப் போறேன், சின்னப் பொண்ணு சார். பேரு பெனாசிர். என் சர்வீஸ் அளவு கூட அதுக்கு வயசு இருக்காது. 'வாங்க அங்கிள்'னுச்சு. நான் எந்த ஊரு அங்கிள் இதுக்கு?

முட்டியைக் காட்டினேன். அது முட்டியைப் பாக்கல. செருப்பைக் கேட்டுச்சு! நடைக்குப் போடற ஷூவைத் திருப்பித் திருப்பிப் பாத்துச்சு. அப்பறம் இடது காலை மட்டும் ஊனி நில்லுங்கன்னுச்சு. நான் என்ன கொக்கா? நின்னேன். கொஞ்சம் ஆடுச்சு. அன்னிக்கி காலையில சரியாச் சாப்பிடல, அதான். 'பாருங்க அங்கிள், உங்க இடுப்பு ஒரு பக்கமா சரியுது'ன்னுச்சு. இடுப்புல இருந்து தொடையோட வெளிப்பக்கமா முட்டிக்குக் கீழ வரைக்கும் ஒரு பட்டை ஓடுதாம். இடுப்புத் தசையில பலம் இல்லாததால ஒவ்வொரு அடிக்கும் அது இழுபட்டு முட்டி எலும்புல உரசுதாம். அதனால பயிற்சி இடுப்புக்காம். கேட்டீங்களா? வலி முட்டியில. வைத்தியம் இடுப்புல. தெருவுல குழாய் உடைஞ்சா நான் போயி மேல்நிலைத் தொட்டிக்கு வெள்ளையடிச்சிருந்தா என்னை விட்டிருப்பாங்களா?

அப்பறம் கேட்டுச்சு, 'எங்க நடக்கறீங்க?' பாரி நகர்ப் பூங்கான்னேன். பேனாவைக் கீழ வெச்சுட்டு என்னைப் பாத்துச்சு. 'அந்தப் பூங்காவுல இருந்து நீங்க ஒம்போதாவது ஆள் அங்கிள். எல்லாருக்கும் இடது முட்டி, வெளிப்பக்கம். அந்தப் பாதை ஒரு பக்கமா சரியுதா?'ன்னுச்சு.

'சரியறதா? அது வாட்டம்மா. அடிக்கு அரை இஞ்சு. நான் வெச்சது'ன்னு சொன்னேன். சும்மா விடுவேனா?

'எல்லாரும் ஒரே பக்கமாத்தான் சுத்துவீங்களா?'

'பின்ன? ஒருத்தரும் மாத்திச் சுத்தமுடியாது. அதுவும் நான் வெச்சதுதான்.'

அந்தப் பொண்ணு பேனாவை எடுத்துத் தாள்ல சாய்வா ஒரு கோடு போட்டுச்சு சார். கலியமூர்த்தி ஜன்னல் வழியா மார்க்கெட்டைப் பாத்துக்கிட்டிருந்தாரு. அப்பறம் மெதுவா, 'அப்ப உங்க எல்லாருக்கும் வருஷக்கணக்கா இடது கால் பள்ளத்துல, வலது கால் மேட்டுல. பாதி நாள் மாத்திச் சுத்தினாலே போதும் அங்கிள்'னுச்சு. நான் எந்திரிச்சுட்டேன். 'ஏம்மா, பிள்ளையாரை இடமா சுத்தச் சொல்றியா?'ன்னேன். 'பிள்ளையாரை விட்டுடுங்க, நான் முட்டியைச் சொல்றேன்'னுச்சு. திமிரு பாருங்க. ஆறு வாரம் சுத்தறதே கூடாதாம், பயிற்சி மட்டும்தானாம். ஒரு தாள்ல படம் போட்டுக் குடுத்துச்சு.

அந்தப் பயிற்சியைக் கேட்டா நீங்க சிரிச்சே சாவீங்க. ஒருக்களிச்சுப் படுத்துக்கணும். ரெண்டு முட்டியையும் மடக்கி, ரெண்டு குதிகாலையும் ஒட்டவெச்சுக்கிட்டு, மேல் முட்டியை மட்டும் திறக்கணும், மூடணும். சிப்பி வாய் திறக்கற மாதிரியாம். முப்பத்திரண்டு வருஷம் ரோடு போட்டவன் சிப்பியா கிடக்கணும். அடுத்தது காலை நீட்டி மேல தூக்கறது. கட்டைவிரல் கூரையைப் பாக்கக்கூடாதாம், சுவத்தைப் பாக்கணுமாம். விரல் எதைப் பாத்தா என்னய்யா? அப்பறம் மல்லாந்து படுத்து இடுப்பை மட்டும் தூக்கி நிறுத்தறது. அப்பறம் சுவத்தோரமா நின்னு காலைப் பின்னிக்கிட்டு இடுப்பை ஒரு பக்கமா ஒசிக்கறது. புல்லாங்குழல் ஒண்ணுதான் குறை, இல்லேன்னா அசல் கிருஷ்ணன். கணுக்கால்ல ஒரு ரப்பர் பட்டையை மாட்டிக்கிட்டு நண்டு மாதிரி பக்கவாட்டுல நடக்கறது வேற. கடைசியா, கீழ்ப்படியில நின்னு ஒத்தைக்கால்ல மெதுவா, ரொம்ப மெதுவா இறங்கறது. இதுக்குப் பேரு வைத்தியம். ஒரு ஊசி உண்டா, மாத்திரை உண்டா, ஒண்ணும் கிடையாது.

வீட்டுக்கு வந்து தாளை வீசிட்டேன். மறுநாள் மத்தியானம் சும்மா, எவ்வளவு அபத்தம்னு பாக்கலாமேன்னு பாயை விரிச்சுப் படுத்தேன். சிப்பி. ஆறு தடவை திறந்தேன், ஏழாவதுக்கு தொடை கிடுகிடுன்னு நடுங்குது. சமையக்கட்டு வாசல்ல அம்சவேணி.

'இடுப்பு பின்னால சாயுது. சாஞ்சா அது கணக்குல வராது'ங்கறா.

'உனக்கென்ன தெரியும்?'னேன்.

புடவையை இழுத்துச் செருகிக்கிட்டு எனக்குப் பக்கத்துல கீழ படுத்தா சார். ஒருக்களிச்சா. திறந்தா, மூடினா. இருபது. இடுப்பு ஒரு நூல் அசையல. ரசமட்டம் வெச்சுப் பாத்திருந்தாலும் குமிழி நடுவுலதான் நின்னிருக்கும். அந்தப் பக்கம் திரும்பி இன்னொரு இருபது. எந்திரிச்சு, காலைப் பின்னிச் சுவத்தோரமா சாஞ்சு காட்டினா. எனக்கு ஒண்ணும் புரியல. பொம்பளைங்களுக்கு இடுப்பு லேசு, அதான்னு நெனச்சுக்கிட்டேன்.

'இதெல்லாம் எங்கடி கத்துக்கிட்ட?'

'மார்க்கெட் பின்னாலதான். அந்த பெனாசிர் பொண்ணுகிட்ட. இந்தப் பூங்காவுல இருந்து முதல்ல போனது நான்தான். போன வருஷம் ஆடியில.'

'எங்கிட்ட ஏன் சொல்லல?'

'நீங்க கேக்கல.'

எப்பிடி இருக்கு பாருங்க பதில். கேக்கலையாம். வீட்டுல என்ன நடக்குதுன்னு ஒவ்வொண்ணா கேட்டுக்கிட்டே இருக்க முடியுமா? எனக்கு சங்க வேலையே தலைக்கு மேல. அப்பறம்தான் எனக்கு ஒண்ணு உறைச்சுது. கொஞ்ச நாளா, கொஞ்ச நாள் என்ன, பல மாசமா என் வேட்டியில அந்த ஈர வாடை இல்ல. இவ மாடிக்குப் போயித் துணி காயப்போட்டுக்கிட்டிருக்கா. நான் பாக்கவே இல்ல. வாடை இருந்தப்பதான் தெரிஞ்சுது, போனது தெரியல.

'நல்லாயிடுச்சுன்னா திரும்ப நடக்க வரவேண்டியதுதானே?'ன்னேன்.

'நடக்கறேனே. தினமும் நடக்கறேன்.'

'எப்ப?'

'நீங்க செய்தி பாக்கற நேரம்.'

அஞ்சரையில இருந்து ஆறரை. சாயங்காலம். பொம்பளை. பிச்சையம்மாவோட 'தெரியலைங்கய்யா'. எந்தப் பக்கமா சுத்தறேன்னு நான் கேக்கல. அவளே சொன்னா, 'இடமாத்தான். பாதி நாள் அப்பிடிச் சுத்தச் சொல்லுச்சு அந்தப் பொண்ணு. இத்தனை வருஷம் உங்க பக்கமாவே சுத்தினேன்ல, அந்தப் பாதிக்கு இந்தப் பாதி. போர்டுல எழுதணும்னா எழுதிக்குங்க. அம்சவேணி தில்லைநாயகம்னு முழுப் பேரா எழுதுங்க.'

'பிள்ளையார் என்னடி நெனைப்பாரு?'ன்னேன்.

'அவர்கிட்டச் சொல்லிட்டுத்தான் சுத்தறேன். முதல்ல அவரை மட்டும் வலமா மூணு சுத்து சுத்திட்டு, இனிமே என் முட்டிக்காகன்னு சொல்லிட்டு அப்பறம் பாதைக்கு வர்றேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தானே தெரியும். அவருக்கு வராமலே தெரியுது.'

இது எனக்குச் சொன்னதா, பிள்ளையாருக்குச் சொன்னதா? நீங்களே சொல்லுங்க.

போர்டுல எழுதினேனான்னு கேக்கறீங்க. பெயிண்ட் காஞ்சுபோச்சு. புதுசு வாங்க நேரம் இல்ல.

அப்பறம் பொதுக்குழு. கலியமூர்த்தி ஒரு தீர்மானம் கொண்டு வந்தாரு. ஒத்தைப்படை தேதியில வலமா, இரட்டைப்படை தேதியில இடமா. பிள்ளையாரை மட்டும் எல்லாரும் முதல்ல வலமா மூணு சுத்து. யாரு யோசனைன்னு புரியுதா உங்களுக்கு? என் வீட்டு யோசனை, அவர் வாயால வருது. நான் எந்திரிச்சு ஒரு மணி நேரம் பேசினேன். ஆகமம் பேசினேன், வாட்டம் பேசினேன், வடிகால் பேசினேன். ஒருத்தனும் குறுக்க பேசல. எல்லாரும் காலை நீட்டித் தடவிக்கிட்டே இருந்தாங்க.

ஓட்டுக்கு விட்டாங்க. உறுப்பினர் எண்ணிக்கை போதலைன்னு அந்தக் காலத்துல அம்சவேணியை நான்தான் சேத்துவிட்டேன். அவ கைதான் முதல்ல மேல போச்சு. கையைத் தூக்கினவ சும்மா இல்லாம பேச வேற செஞ்சா. ஒம்போது வருஷத்துல சங்கத்துல அவ பேசினது அன்னிக்கி ஒரு நாள்தான். 'ஒரு வருஷத்துக்கு மேல நான் மாடிப்படி ஏறல. ஏன் ஏறலன்னு இவரு ஒரே ஒரு தடவை கேட்டிருந்தா நான் இந்தக் கையைத் தூக்கியிருக்கமாட்டேன். சாகற வரைக்கும் இவர் பின்னாடியே வலமாச் சுத்தியிருப்பேன்.' இவ்வளவுதான் சொன்னா. சொல்லிட்டு உக்காந்துட்டா. சங்கத்துல பேசற பேச்சா சார் இது? மினிட்ஸ்ல எப்பிடி எழுதறது? நான் எழுதல.

முப்பத்தாறுக்கு மூணு. அந்த மூணுல ஒண்ணு நான். பாக்கி ரெண்டு பேருக்கு எதுக்குக் கை தூக்கறோம்னே தெரியல. ராஜினாமா எழுதிக் குடுத்துட்டேன். வேண்டாம்னு ஒருத்தராவது தடுப்பாங்கன்னு கொஞ்சம் மெதுவாத்தான் எழுதினேன். கலியமூர்த்தி வாங்கிப் பையில வெச்சுக்கிட்டாரு. இப்ப அவர்தான் செயலாளர். வாசல்ல புதுப் போர்டு இருக்கே, இன்னிக்கி இடம்னு போட்டு, அதைப் பாத்துட்டுத்தானே நீங்களும் இப்பிடி வந்தீங்க? தெரியும். எனக்கும் படிக்கத் தெரியும். நான் அதை ஒத்துக்கல, அவ்வளவுதான்.

அன்னிக்கி வீட்டுக்கு நடந்தே போனோம் ரெண்டு பேரும். எனக்கு ஒரே அவமானமா இருந்துச்சு. அவமானம்தான்னு நெனைக்கறேன். நெஞ்சுக்கிட்ட அப்பிடி அடைச்சா வேற என்னவா இருக்கும்? வாசல்ல செருப்பைக் கழட்டும்போது சொன்னா, 'ஒழுங்கா ஆறு வாரம் பயிற்சி பண்ணுங்க. பண்ணிட்டு வாங்க, சேந்து நடப்போம். முன்னால பின்னால எல்லாம் வேண்டாம். பக்கத்துல.' என்னை எல்லாரும் சேந்து தோக்கடிச்சுட்டு, பக்கத்துல வேற நடக்கணுமாம்.

பயிற்சியா? பண்றேன். மத்தியானம் அவ கொஞ்சம் கண்ணசரும்போது. சிப்பி இருபது, கால் தூக்கறது இருபது, கிருஷ்ணன் முப்பது எண்ணற வரைக்கும். அவ சொன்னாங்கறதுக்காக இல்ல சார். அந்தப் பொண்ணு சொல்றது தப்புன்னு நிரூபிக்கணும்னா ஒரு நாள் விடாம முழுசாச் செஞ்சு பாத்துட்டுத்தானே சொல்லணும்? போன வாரம் படியில நின்னே இறங்கினேன். சுரீர்னு புடிக்கல. அது தைலம். ஒரு மாசம் தடவினது இப்பதான் வேலை செய்யுது. நேத்தோட ஆறு வாரம் முடிஞ்சுது. நான் எண்ணல, தாள்ல தேதி போட்டிருந்துச்சு.

அதோ வர்றா பாருங்க. அந்த ஊதாப் புடவை, கேன்வாஸ் ஷூ. அறுபத்தி மூணு வயசுங்க அவளுக்கு. எப்பிடி வர்றா பாருங்க, காலை எடுத்து வெக்கிறது தெரியுதா? துளி சாய்மானம் இல்ல. இந்த பெஞ்சைத் தாண்டும்போது மட்டும் கொஞ்சம் மெதுவாப் போவா. ஒவ்வொரு சுத்துக்கும் அப்பிடித்தான். நான் வந்து உக்கார ஆரம்பிச்ச நாள்ல இருந்து பாக்கறேன், ஒரு தடவை கூடத் தவறல.

கொஞ்சம் கையைக் குடுங்க சார், எந்திரிக்கறேன். வேண்டாம், வேண்டாம், விடுங்க, நானே எந்திரிச்சுடுவேன். இல்ல சார், சுத்தப் போகல. யாரு சொன்னா சுத்தப் போறேன்னு? அவளை ஒரு கேள்வி கேக்கணும். சங்கத்துக் கேள்வி. எதிர்ல போயி நின்னு கேட்டா நிக்கமாட்டா, ஒதுங்கிப் போயிடுவா. கூடவே நடந்துக்கிட்டே கேட்டாத்தான் உண்டு. அவ எந்தப் பக்கமா போறாளோ அந்தப் பக்கமாப் போய்த்தான் ஆகணும், வேற வழி இல்ல.

அம்சா! இரு, வர்றேன். ...ஏண்டி, உனக்கு அந்த முட்டி, அப்ப ரொம்ப வலிச்சுதா?